மாம்பழ ஒயினில் மாம்பழம் எங்கே போனது?

உங்கள் நீண்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். போன ஞாயிறு பெங்களூர் இந்திரா நகரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பழ ஒயின்களைச் சுவைத்திருக்கிறீர்கள். எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் செய்தவை. மாம்பழ ஒயினில் மாம்பழமே இல்லை. பலா ஒயின் மூக்குக்குப் பலாச்சுளையாக மணந்தது, வாயில் விட்டால் சப்பென்று இருந்தது. வாழைப்பழ ஒயின் அப்படியே பழமாக மணந்ததால் எசென்ஸ் ஊற்றியிருப்பார்களோ என்று சந்தேகம். நாவல்பழ ஒயின் வாயை இழுத்துப் பிடித்தது, பக்கத்திலிருந்தவரோ அதைத்தான் பிரமாதம் என்றார். அன்னாசி மட்டும் பிடித்தது. கடைசியில், “கோளாறு என் நாக்கிலா, பாட்டிலிலா?” என்று கேட்டு, கூடவே விஷமான மெத்தனால் இருக்குமோ என்ற பயத்தையும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: பழ ஒயினில் பழத்தைத் தேடலாமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். தொட்டபள்ளாபுரம் பக்கம் ஓர் ஒயின் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். என் பிழைப்பு பெரும்பாலும் திராட்சையோடுதான். மற்ற பழங்களைச் சின்னச் சின்னத் தொட்டிகளில் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தோம், அவற்றில் பாதியைக் கீழே கொட்டினோம். அந்தக் கொட்டியதிலிருந்து கற்றதுதான் இங்கே அதிகம். உங்கள் ஐந்து பாட்டில்களையும் நான் முகர்ந்து பார்க்கவில்லை. ஆகவே பழங்களைப் பற்றிச் சொல்வது உறுதி, உங்கள் பாட்டில்களைப் பற்றிச் சொல்வது ஊகம்.

தயிரில் யாரும் பாலைத் தேடுவதில்லை. புளித்த மாவில் அரிசியும் உளுந்தும் தனித்தனியாக மணக்கவில்லையே என்று வருத்தப்படுவதில்லை. திராட்சை ஒயினிலும் அதே கதைதான். மஸ்கட் போன்ற சில வகைகளை விட்டால், நல்ல திராட்சை ஒயின் எதுவும் திராட்சையாக மணப்பதில்லை. நந்தி மலைச் சுற்றுவட்டாரத்தில் விளையும் நம் பெங்களூர் ப்ளூ திராட்சை இதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் ஒயினைத் திறந்தால் ஜாம் பாட்டிலைத் திறந்ததுபோல் இருக்கும். ஒயின் உலகத்தில் அதை ஒரு குறையாகவே பேசுவார்கள். திராட்சையில் பழ வாசனை தூக்கினால் குறை, மாம்பழத்தில் தூக்காவிட்டால் மோசடி. இந்த முரண்பாட்டை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

நொதிக்கும்போது நடப்பது இதுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்துத் தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 200 கிராம் சர்க்கரை உள்ள ஒரு லிட்டர் சாறு முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் வாயு குமிழ் குமிழாக வெளியே போகும். போகும் வழியில் பழத்தின் மெல்லிய வாசனைகளையும் கையோடு பிடித்துக்கொண்டு போகும். தொட்டி இருக்கும் அறையெல்லாம் கமகமவென்று மணந்தால் புதிதாக வந்தவர்கள் மகிழ்ந்துபோவார்கள். அறையில் மணப்பதெல்லாம் தொட்டியிலிருந்து போனது என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். சர்க்கரையும் போய், வாசனையில் ஒரு பங்கும் போய், மிஞ்சியிருக்கும் புளிப்பு, துவர்ப்பு, ஈஸ்ட் தானாக உண்டாக்கும் புது வாசனைகள் இவற்றைத்தான் நாம் குடிக்கிறோம்.

மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். நம் மூளைக்கு மாம்பழ வாசனையும் இனிப்பும் பிறந்ததிலிருந்து ஒட்டிப்பிறந்த இரட்டையர். இனிப்பை எடுத்துவிட்டால் மீதி வாசனை இருந்தாலும் அடையாளம் தெரியாது. நீங்களே சோதிக்கலாம். அடுத்த முறை மாம்பழ ஒயின் கிடைத்தால் இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, ஒன்றில் மட்டும் கால் ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துப் பாருங்கள். சர்க்கரைக்கு வாசனையே கிடையாது, ஆனாலும் அந்தக் கிளாஸில் மாம்பழம் திரும்பி வந்ததுபோல் தோன்றும். வந்தால், பழம் அங்கேயே இருந்தது, உங்கள் மூக்குதான் துணைக்கு இனிப்பைக் கேட்டது. எதுவுமே வராவிட்டால் பழம் குறைவு, சர்க்கரைத் தண்ணீர் அதிகம் என்று சந்தேகிக்கலாம். பழ வகையும் காரணமாக இருக்கலாம். கிருஷ்ணகிரி, சித்தூர் கூழ் ஆலைகளுக்குப் போவதில் பெரும்பங்கு பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாம்பழம். நிறையக் காய்க்கும், விலை மலிவு, வாசனையில் மல்கோவாவுக்கோ அல்போன்சாவுக்கோ பக்கத்தில்கூட நிற்காது. ஒயின் செய்தவர் எந்தப் பழம் வாங்கினார் என்று உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. மாம்பழத்தின் ஆரஞ்சு நிறம் கரோட்டின். அது தண்ணீரில் கரையாது, சதையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாகத் தெளியவைத்த மாம்பழ ஒயின் வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். பளிங்குபோலத் தெளிந்தும் இருந்து, அடர் ஆரஞ்சாகவும் இருந்தால், நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்றே எண்ணுவேன். கலங்கலாக இருப்பது பெரும்பாலும் பெக்டின் என்ற, ஜாமைக் கெட்டியாக்கும் பழப்பொருளால். அதை உடைக்கும் என்சைம் போடாவிட்டால் மாசக்கணக்கில் வைத்தாலும் தெளியாது. குடித்தால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. சங்கப் பாட்டுகளில் கள்ளுக்குத் ‘தேறல்’ என்று ஒரு பெயர் வரும், தெளிந்தது என்று பொருள். தெளிவுக்குத் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அன்றே அதற்கு மதிப்பு இருந்திருக்கிறது.

பலா விஷயத்தில் உங்கள் நாக்கைப் பாராட்டுகிறேன். மூக்கில் நிறைய, வாயில் வெறுமை என்று எழுதினீர்களே, பலா ஒயினின் நோயை யாரும் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பலாச்சுளையின் வாசனை எஸ்டர்கள் என்ற வாசனைச் சேர்மங்களால் ஆனது, அவை ஏராளம். கொஞ்சம் பறந்துபோனாலும் மிச்சம் மூக்கை நிறைக்கப் போதும். ஆனால் பலாவில் புளிப்பு மிகக் குறைவு. ஒயினுக்கு முதுகெலும்பு புளிப்புதான். திராட்சைக்கு டார்டாரிக் அமிலம் இயற்கையாகவே இருக்கிறது, பலாவுக்கு நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் புளி விடாத ரசம். ருசி மட்டும் கெடுவதில்லை, புளிப்பு குறைந்த சாறில் வேண்டாத பாக்டீரியாவும் குடியேறும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பண்ருட்டிப் பலா, அதில் எதற்கு ஆசிட் என்று வீம்பாக ஒரு தொட்டி போட்டேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது ஊசிப்போன சாம்பார் வாடை. என் சொந்தப் பணத்தில் வாங்கிய பழம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நீங்கள் குடித்த பலா ஒயின் கெடவில்லை, மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாழைப்பழ ஒயினில் எசென்ஸ் கலந்தார்களா என்பதற்கு என்னால் உறுதியான பதில் தர முடியாது, ஏன் முடியாது என்பதைச் சொல்கிறேன். வாழைப்பழ வாசனைக்கு முக்கியக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற ஒரே ஒரு எஸ்டர். மிட்டாய்க்கடை எசென்ஸிலும் அதேதான். ஈஸ்டும் நொதிக்கும்போது தானாகவே அதைத் தயாரிக்கிறது. புதிதாக நொதித்த வெள்ளை ஒயின் எதிலும், வாழைப்பழத்தைக் கண்ணால் பார்க்காத ஒயினிலும், இந்த வாசனை வரலாம். எனவே வாசனை இருப்பது கலப்படத்துக்கும் சாட்சி இல்லை, பழத்துக்கும் சாட்சி இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். இந்த எஸ்டர் நாள்பட நாள்பட உடைந்து மங்கும். இரண்டு வருடப் பழைய வாழைப்பழ ஒயின் என்று சொல்லி நீட்டி, அது நேற்று உரித்த பழமாக மணந்தால், அப்போது புருவத்தை உயர்த்துங்கள்.

இனி நாவல். இதில் பக்கத்திலிருந்தவரும் சரி, நீங்களும் சரி. வாய் இழுத்துப் பிடித்ததற்குக் காரணம் டானின் என்ற துவர்ப்புப் பொருள். அது எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டித் திரண்டுவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய் நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. உடலியல் இதைச் சுவை என்று ஏற்பதில்லை, தொடுவுணர்ச்சி என்கிறது. நாமோ துவர்ப்பு என்று பெயர் கொடுத்து அறுசுவையில் ஒன்றாக உட்காரவைத்துவிட்டோம். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் ஒயின் சுவைக்கப் படிக்கும் பிள்ளைகள் கசப்பையும் துவர்ப்பையும் பிரிக்கத் தெரியாமல் மாதக்கணக்கில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் பாகற்காயும் வாழைப்பூவும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் ஆறு வயதிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் என் வகுப்புக்கு வரும் தமிழ்க்காரர்களிடம் முதலில் சொல்வது, ஒயின் வாசனைகளைப் பட்டியல் போடும் இங்கிலீஷ் அட்டவணையை மூடிவையுங்கள் என்பதுதான். அதில் இருக்கும் கூஸ்பெரியையும் பிளாக்கரண்ட்டையும் நம்மில் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறோம்? துவர்ப்பு எப்படிப்பட்டது என்று கேட்டால் கடுக்காய்த் துவர்ப்பா, பிஞ்சு மாதுளைத் தோலா, வெற்றிலைப் பாக்கா என்று யோசியுங்கள். கடுக்காய் மாதிரி வறண்டு, அப்படியே நின்றுவிட்டால் ஒயின் சரியாக அமையவில்லை. நெல்லிக்காய் கடித்துத் தண்ணீர் குடித்ததுபோல, பிடித்து, பிறகு விட்டு, கடைசியில் லேசாக இனித்தால் அது நல்ல நாவல் ஒயின். உங்களுக்கு எது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று சொல்லிவிட வேண்டும்: நாவல்பழ ஒயின் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாராவது அந்த மாடியில் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பழத்தின் பெயரால் ஆல்கஹால் மருந்தாகாது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அன்னாசி உங்களுக்குப் பிடித்ததில் வியப்பில்லை. சிட்ரிக் அமிலம் சொந்தமாகவே இருக்கிறது, வாசனையும் கெட்டியானது. புதிதாகச் செய்கிறவர்களை ஏமாற்றாத பழம் அதுதான். அதற்கடுத்து நான் தேடிக் குடிக்கச் சொல்வது, கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்பார்களே, அந்தப் பாஷன் ஃப்ரூட். அதிலும் கொய்யாவிலும் உள்ள சில கந்தகச் சேர்மங்கள்தான் சாவிக்னான் ப்ளாங்க் என்ற பிரெஞ்சுத் திராட்சையின் ஒயினுக்கும் மணம் தருகின்றன. லிச்சிக்கும் கெவுர்ஸ்ட்ராமினர் ஒயினுக்கும் இடையிலும் இப்படி ஓர் உறவு உண்டு. திராட்சை ஒயின் பழகிய நாக்குக்கு இவை அந்நியமாகத் தெரியாது. முந்திரிப்பழம் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும், ஆனால் துவர்ப்பை அடக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும். அதன் சாற்றை ஜவ்வரிசிக் கஞ்சி விட்டுத் தெளியவைப்பார்கள், கஞ்சி டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். கோவாவின் ஃபெனி வேறு சமாசாரம், அது நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது.

எப்படிச் சுவைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மாலையில், பிரியாணி வாசனைக்கு நடுவில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சுவைத்தீர்கள் என்று தெரிகிறது. மூன்றுமே ஒயினுக்கு எதிரி. காலை பதினொரு மணி, வயிறு லேசாகப் பசிக்கும் நேரம், நாக்கு கூர்மையாக இருக்கும். அந்த நேரத்தில் ஒயினா என்று வீட்டில் கேட்பார்கள், என் வீட்டிலும் கேட்டார்கள். குடிப்பதில்லை, கொப்பளித்துத் துப்புகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். துப்புவதற்கு ஒரு சொம்பு வையுங்கள், வெட்கப்பட வேண்டாம், ஐந்தையும் விழுங்கினால் நான்காவதற்கு மேல் மூக்கு வேலை செய்யாது. ஃபில்டர் காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். தலையில் மல்லிகைப்பூ வைத்து வந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுவேன். மல்லிகைக்கு முன்னால் எந்த ஒயினும் தோற்றுவிடும். பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் கழித்து, துலிப் பூவைப்போல வாய் குறுகிய கிளாஸில் 50 மில்லி ஊற்றுங்கள். ஆட்டாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். ஒரு வாய் எடுத்து வாய் முழுக்கப் புரட்டி, துப்பி, மூக்கு வழியே மூச்சை விடுங்கள். அந்த மூச்சில் வருவதுதான் பாதி ருசி. இடையிடையே உப்பில்லாத பொரி நாலு வாயில் போட்டுக்கொள்ளலாம், பிரெட்டைவிட எனக்கு அதுதான் சரியாக வருகிறது. இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பானதில் முடியுங்கள், மாற்றினால் இனிப்பில்லாதது வீண்.

பெயரைத் துணியால் மூடிவிட்டுச் சுவையுங்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்ஸின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் பழங்களின் பெயரையெல்லாம் அதற்குச் சொன்னார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கே அந்த நிலை. மாம்பழம் என்று பெயர் ஒட்டியிருந்ததால் நீங்கள் மாம்பழத்தைத் தேடினீர்கள், ஒட்டாமல் இருந்திருந்தால் நல்ல வெள்ளை ஒயின் என்று சொல்லியிருக்கவும் கூடும்.

கோளாறு நிஜமாகவே பாட்டிலில் இருந்தால் அது ருசி குறைவாக வராது, தப்பான வாடையாக வரும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை, வினிகர் காட்டம் இரண்டும் காற்றும் பாக்டீரியாவும் புகுந்ததற்கு அடையாளம். அழுகிய முட்டை வாடை ஈஸ்டுக்குச் சத்து போதாமல் வருவது. சுத்தமான செப்புக் கம்பித் துண்டை கிளாஸில் போட்டுச் சுழற்றினால் அந்த வாடை குறையும். சோதிக்க மட்டும், அதைக் குடிக்காதீர்கள். பழுப்பேறி, நறுக்கி வைத்த ஆப்பிள் வாடை அடித்தால் காற்றுப் பட்டது. எதிர்பாராமல் நுரைத்தால் பாட்டிலுக்குள் இன்னும் நொதிக்கிறது. ஃப்ரேசர் டவுனில் எங்கள் தெரு ஆன்ட்டி ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் கூப்பிட்டு, “தம்பி, பரண்ல வெச்சிருந்த ரெண்டு பாட்டில் ராத்திரி வெடிச்சிருச்சுப்பா, ஆவியோன்னு பயந்துட்டோம்” என்றார். ஆவி இல்லை, மிச்சச் சர்க்கரை.

மெத்தனால் பயம் நியாயமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பழத்தின் பெக்டினிலிருந்து நொதிக்கும்போது இயல்பாகவே துளி மெத்தனால் உண்டாகும், திராட்சையைவிட மற்ற சில பழங்களில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். வெறும் நொதிப்பில் வரும் அந்த அளவு விஷமாகாது. வீட்டில் யாராவது காய்ச்சி வடித்ததைக் கொடுத்தால் தொடாதீர்கள். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: கர்நாடகத்தில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் 1965ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். கடையில் வாங்குவதென்றால், மகாராஷ்டிரத்தில் போர்டியின் சப்போட்டா ஒயின்போல உரிமத்தோடு செய்பவை உண்டு. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் லேபிளைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்வதால் அங்கே கிடைப்பதெல்லாம் பெங்களூரில் கிடைக்காது.

பலா ஒயின் அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தக்கையை இறுக்கி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதற்குள் ஒரு கிளாஸ் ஊற்றி நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் கலக்கிப் பாருங்கள். மூக்கில் இருந்த பலா நாக்குக்கு இறங்குகிறதா என்று இங்கேயே எழுதுங்கள். இறங்கினால், அடுத்த முறை நொதிக்க விடுவதற்கு முன்பே ஆசிட் சேர்க்கும்படி, அதைச் செய்தவருக்கு உங்கள் நண்பர் மூலம் சொல்லிவிடலாம்.